அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு மாறலாமா? பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் தமிழ்நாட்டில் பல வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளையை பிளஸ் ஒன்னுக்கு மெட்ரிக் பள்ளியிலோ சிபிஎஸ்இ பள்ளியிலோ சேர்க்கலாமா என்று அம்மாவும் அப்பாவும் யோசிப்பார்கள். சில வீடுகளில் ஒன்பதாம் வகுப்பிலேயே இந்த யோசனை வந்துவிடுகிறது. அப்படி யோசிப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மாறினால் இழப்பது எது என்பது சட்டத்திலும் அரசாணையிலும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. கிடைக்கப்போவது எது என்பதை எந்தப் பள்ளி, எந்தப் பிள்ளை என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ மட்டும் தனியாரில் படித்தால் 7.5 சதவீத இடஒதுக்கீடு கிடைக்குமா?

கிடைக்காது. எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். சேர்க்கை முடிந்து, ஃபீஸும் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு தலையில் கை வைக்கும் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஏழு ஆண்டும் அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெற்ற மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று முடிவு செய்தது. அதற்கு முன்பு அரசுப் பள்ளியிலிருந்து எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே எம்பிபிஎஸ், பிடிஎஸ் இரண்டும் சேர்த்து இந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போனது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்றும் அறிவித்தார்கள்.

அந்த ஏழு ஆண்டில் ஓர் ஆண்டு வெளியே போனாலும் தகுதி போய்விடும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாவதுவரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள் எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். அரசு உதவிபெறும் பள்ளி வராது. "எய்டட் ஸ்கூலும் கவர்மெண்ட் ஸ்கூல்தானே" என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள்.

ஆகவே பிள்ளைக்கு டாக்டர் ஆகும் கனவோ, நல்ல பொறியியல் கல்லூரியில் சேரும் ஆசையோ இருந்தால் நான் தயங்காமல் சொல்வது, அரசுப் பள்ளியை விட்டு நகராதீர்கள் என்பதுதான். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கத் தேவைப்படும் நீட் மதிப்பெண்ணுக்கும் பொதுப்போட்டியில் தேவைப்படுவதற்கும் இடைவெளி மிகப் பெரியது. இரண்டு ஆண்டு தனியார் பள்ளியில் படிப்பதால் அந்த இடைவெளியைத் தாண்டிவிடலாம் என்று யாரும் உறுதி தர முடியாது. நீட் கோச்சிங்தான் தேவை என்றால் அதை வெளியே தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்காகப் பள்ளியை மாற்ற வேண்டியதில்லை.

வேறு என்னென்ன சலுகை போகும்?

ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்று வைத்தால் 36,000 ரூபாய். உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. தனியார் பள்ளிக்குப் போனவர்களுக்கு இல்லை.

எட்டாம் வகுப்பில் ஒன்றிய அரசின் உதவித்தொகைக்கான என்எம்எம்எஸ் தேர்வில் தேர்ச்சி பெற்ற பிள்ளை என்றால், ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை வந்துகொண்டிருக்கும். தனியாருக்கு மாறியதும் அது நின்றுவிடும். பிளஸ் ஒன்னில் தரும் சைக்கிளும் விலையில்லாப் பாடப்புத்தகங்களும் கிடையாது.

முதல் பட்டதாரி சலுகைக்குப் பாதிப்பு இல்லை. உங்கள் வீட்டில் இதற்குமுன் பட்டதாரி இருக்கிறாரா என்பதைத்தான் அதற்குப் பார்ப்பார்கள், எந்தப் பள்ளி என்று பார்ப்பதில்லை.

தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்கு மாறினால் அரசு வேலைக்குப் பாதிப்பு வருமா?

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்துவிட்டு அதைப் பலர் கேட்டதால், பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று 2020இல் திருத்தினார்கள். எந்த வேலைக்கு என்ன கல்வித் தகுதியோ அதுவரை எல்லாம் தமிழ்வழியில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான வேலை என்றால், பத்தாவதுவரை தமிழ்வழியில் படித்தது போதும். பட்டதாரி தகுதிக்கான குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கு, பிளஸ் ஒன்னில் ஆங்கிலவழிக்குப் போனவர் இந்த முன்னுரிமையைக் கேட்க முடியாது. டிஎன்பிஎஸ்சி கனவு உள்ள பிள்ளையிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

தனியார் பள்ளியில் பாடம் கடினமாக இருக்குமா?

மெட்ரிக் பள்ளி என்றால் பாடம் ஒன்றுதான், புத்தகமும் ஒன்றுதான், பொதுத்தேர்வு வினாத்தாளும் ஒன்றுதான். 2011இல் சமச்சீர் கல்வி வந்தபோது மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்ற நான்கு வழிகளும் ஒன்றாகிவிட்டன. "மெட்ரிக் சிலபஸ்" என்று இன்னும் தனியாக ஒன்று இருப்பதுபோல் யாராவது பேசினால் நம்பாதீர்கள்.

மாறுவது வேகமும் முறையும்தான். தினம் ஸ்லிப் டெஸ்ட், சனிக்கிழமை வகுப்பு, காலையில் ஸ்டடி, மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் என்று ஓடிக்கொண்டே இருக்கும். சில பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் போர்ஷனையும், பிளஸ் ஒன்னிலேயே பிளஸ் டூ போர்ஷனையும் தொடங்கிவிடும். பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் தாண்டிப் போவதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதனால் பழைய பழக்கம் திரும்ப வருமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. நீட், ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்து நிறையக் கேள்விகள் வரும். கல்லூரி முதலாண்டு இயற்பியலும் கணக்கும் அதன்மேல்தான் நிற்கும். சேர்க்கும் முன் "லெவன்த் போர்ஷனை எந்த மாதம் முடிப்பீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு பள்ளி பாருங்கள்.

சிபிஎஸ்இ என்றால் புத்தகமே வேறு. பிளஸ் ஒன்னில் மாறுவது முடியும், ஆனால் சுமை கூடுதல். ஒன்பதாம் வகுப்பில் வாரியத்தில் பதிவு செய்துவிடுவார்கள் என்பதால், பத்தாம் வகுப்பில் புதிதாகப் போய்ச் சேருவது சுலபமில்லை. பொதுவாகவே பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் பள்ளி மாற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள், எந்த வாரியமாக இருந்தாலும்.

தனியாரில்தான் ரிசல்ட் நன்றாக இருக்கிறது என்கிறார்களே?

2025 பிளஸ் டூ தேர்வில் மாநிலத் தேர்ச்சி விகிதம் 95.03 சதவீதம். அரசுப் பள்ளிகளில் 91.94. எல்லோரும் பேசுகிற அளவுக்கு இந்த இடைவெளி பெரிதில்லை. அதோடு, அரசுப் பள்ளி வருகிற பிள்ளையை எல்லாம் சேர்த்துக்கொள்கிறது. தனியார் பள்ளிகளில் பல, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து வடிகட்டித்தான் பிளஸ் ஒன்னில் இடம் தருகின்றன. 480க்குமேல் வாங்கிய பிள்ளைகளை மட்டும் சேர்த்து 570 வாங்க வைத்தால் அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு, பிள்ளையின் பங்கு எவ்வளவு? ஃபிளக்ஸில் இருக்கும் முகங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுக்காமல், அதே பள்ளியில் 350, 380 மதிப்பெண்ணோடு சேர்ந்த பிள்ளைகள் பிளஸ் டூவில் என்ன வாங்கினார்கள் என்று கேளுங்கள்.

"நல்ல மார்க், ஃபீஸே வேண்டாம், எங்களிடம் சேருங்கள்" என்று வீட்டுக்கே வந்து கேட்கிறார்கள். நம்பலாமா?

மே மாதத்தில் இப்படி நிறைய நடக்கும். அரசுப் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் வீட்டுக்குக் காரில் வருவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், ஃபோட்டோ எடுப்பார்கள். மூன்று தலைமுறையாக யாரும் மதித்து உள்ளே வராத வீட்டில் இப்படி ஒரு மரியாதை கிடைக்கும்போது வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளையின் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை அது, சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள். கையெழுத்து மட்டும் அன்றைக்கே போட வேண்டாம். ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். அந்த வாரத்தில் இவற்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இலவசம் என்பது டியூஷன் ஃபீஸ் மட்டுமா, இல்லை ஹாஸ்டல், சாப்பாடு, வேன், புத்தகம், யூனிஃபார்ம், கோச்சிங் ஃபீஸும் சேர்த்தா? பல இடங்களில் டியூஷன் ஃபீஸை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் வாங்குவார்கள். இரண்டு ஆண்டுக்குமா, முதல் ஆண்டுக்கு மட்டுமா? காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் சலுகையும் குறையுமா? பிள்ளைக்குப் பிடிக்காமல் பாதியில் விலகினால் "சலுகை கொடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டு" என்பார்களா? பதில்களைப் பள்ளியின் லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது ஜூலை மாதம் யாருக்கும் நினைவிருக்காது.

அப்புறம், வந்தவரிடம் 7.5 பற்றிக் கேளுங்கள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" என்று சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

ஃபீஸ் எவ்வளவு கேட்கலாம் என்று விதி இருக்கிறதா?

இருக்கிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு கட்டண நிர்ணயக் குழு இயங்குகிறது. ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் வகுப்புவாரியாக எவ்வளவு வாங்கலாம் என்று அது ஆணை போடும். அந்த ஆணையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். "டொனேஷன்" என்று ரசீது இல்லாமல் கேட்டால் அது சட்டப்படி தவறு.

வட்டிக்குக் கடன் வாங்கியோ தாலிக்கொடியை அடகு வைத்தோ பிளஸ் ஒன் ஃபீஸ் கட்டாதீர்கள். அந்தக் கடன் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்காது. ஒவ்வொரு டெஸ்டிலும் அந்தக் கடனும் கூடவே உட்கார்ந்து எழுதும். வசதி வந்தால் அந்தப் பணத்தைக் கல்லூரிக்கு வைத்திருங்கள்.

ஏழை மாணவர்கள் செலவில்லாமல் நல்ல தனியார் பள்ளியில் படிக்க அரசு வழி உண்டா?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்கள் எல்கேஜி, ஒன்றாம் வகுப்பு போன்ற தொடக்க வகுப்புக்குத்தான். ஒன்பதிலோ பிளஸ் ஒன்னிலோ அதில் சேர முடியாது. பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் சிரேஷ்டா திட்டம் இருக்கிறது. நுழைவுத்தேர்வு எழுதி ஒன்பதாம் வகுப்பிலோ பதினொன்றாம் வகுப்பிலோ விடுதியோடு கூடிய தனியார் பள்ளியில் சேரலாம், செலவை அரசு ஏற்கும். மாநில அரசின் வழிகளை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் சேர்ந்தாலும் 7.5 பற்றி முதலில் சொன்னதை மறக்க வேண்டாம்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியரே இல்லை. அப்போதுமா மாற்றக் கூடாது என்கிறீர்கள்?

இல்லை. நியாயமான காரணம் இது. வேதியியலுக்கோ கணக்கிற்கோ ஆள் இல்லாத பள்ளியில் ஃபர்ஸ்ட் குரூப் படிக்கச் சொல்வது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஆனால் தனியார் பள்ளிக்குப் போகும் முன் பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியைப் பாருங்கள். பேருந்தில் அரைமணி நேரம் தள்ளி, எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கும் அரசுப் பள்ளி பெரும்பாலும் இருக்கும். மாவட்டந்தோறும் விடுதியோடு அரசு மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன. ஐஐடி, என்ஐடி போன்ற நிறுவனங்களுக்கு அங்கிருந்து பிள்ளைகள் போகிறார்கள். அங்கே படித்தாலும் எல்லாச் சலுகையும் அப்படியே இருக்கும். ஆங்கிலவழி வேண்டும் என்பது காரணமானால், 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் நடக்கின்றன.

இவ்வளவும் பார்த்த பிறகும் வழியில்லை என்றால் தயங்காமல் மாற்றுங்கள். பிள்ளையின் லட்சியம் பி.காம், சி.ஏ., கலை, விளையாட்டு என்று வேறு திசையில் இருந்தால் 7.5 பெரிய கணக்கே இல்லை. பெண் பிள்ளைக்குப் பள்ளிக்குப் போய்வரும் பாதை பாதுகாப்பில்லை என்றாலும் மாற்றத்தான் வேண்டும்.

நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கலாமா?

கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன அந்த மாவட்டத்துப் பள்ளிகளை பிராய்லர் பள்ளி என்று ஊரில் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் பிள்ளைகளின் வலி இருக்கிறது. விடியற்காலையில் எழுப்பி ராத்திரி பத்து மணிவரை படிக்க வைப்பது சில பிள்ளைகளுக்கு ஒத்துவரும். வீட்டில் ஓர் அறையில் ஐந்து பேர் படுக்கும் பிள்ளைக்கு, படிக்க ஒரு மேசையும் விளக்கும் கிடைப்பதே பெரிய விடுதலையாக இருக்கலாம். வேறு சில பிள்ளைகள் மூன்று மாதத்தில் சுருங்கிவிடுவார்கள். சேர்க்கும் முன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஒருநாள் முழுக்க அங்கே சுற்றிப் பாருங்கள். அங்கே படிக்கும் மாணவர்களிடம் உங்கள் பிள்ளை தனியாகப் பேசட்டும். வாரம் ஒருமுறையாவது ஃபோனில் பேச விடுவார்களா, உடம்பு சரியில்லை என்றால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். கழிவறையைப் பாருங்கள்.

நான் மாணவி. தமிழ்வழியில் படித்தேன். இங்கே மேம் நடத்துவது ஒன்றுமே புரியவில்லை. நான் மக்காகிவிட்டேனா?

இல்லை பாப்பா. உனக்குப் பாடம் தெரியும், அதன் ஆங்கிலப் பெயர்தான் தெரியவில்லை. முடுக்கம் உனக்குப் புரிந்த விஷயம், அதை இங்கே ஆக்ஸிலரேஷன் என்கிறார்கள். இணைதிறன் உனக்குத் தெரியும், அது வேலன்சி. தமிழ்நாடு பாடநூல் கழகப் புத்தகங்கள் இரண்டு வழிகளிலும் ஒரே பாட வரிசையில் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். தமிழ்ப் புத்தகத்தையும் இறக்கி வைத்துக்கொள். மறுநாள் நடத்தப்போகும் பாடத்தை முந்தைய இரவு தமிழில் ஒருமுறை படித்துவிட்டுப் போ. வகுப்பில் பாதி புரிந்துவிடும். ஒவ்வொரு பாடத்துக்கும் வரும் ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டே வா. ஜூன், ஜூலை கஷ்டமாகத்தான் இருக்கும். காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது கொஞ்சம் மூச்சு வரும். முதல் டெஸ்டில் நூற்றுக்கு முப்பது வாங்கினாலும் அதை மறைக்காமல் வீட்டில் காட்டு.

மொழிப்பாடத்துக்கு மார்க் எளிதாக வரும் என்று பிரெஞ்சு எடுக்கச் சொன்னால் எடுத்துவிடாதே. பொறியியல் கட்-ஆஃபில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குத்தான் கணக்கு. மொழிப்பாடம் அதில் சேராது. உனக்கு நன்றாக வருகிற தமிழை வைத்துக்கொள்.

பழைய பள்ளியில் நான்தான் ஃபர்ஸ்ட். இங்கே இருபதாவது ரேங்க். எல்லோரும் இங்கிலீஷில் பேசுகிறார்கள், என்னை ஒருமாதிரி பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு பள்ளியிலும் ஃபர்ஸ்ட் வந்தவர்களைச் சேர்த்து உட்கார வைத்திருக்கிறார்கள் தம்பி. அங்கே இருபதாவது வருவது சின்ன விஷயமில்லை. ரேங்க்கைப் பார்க்காதே, உன் மார்க் போன டெஸ்டைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்.

"எந்த ஸ்கூல்ல இருந்து வந்த?" என்று கேட்டால் அரசுப் பள்ளியின் பெயரை முழுதாகச் சொல். அப்பா என்ன வேலை என்று கேட்டால் கொத்தனார், கூலி வேலை, தறி ஓட்டுகிறார் என்று இருப்பதை அப்படியே சொல். ஒருமுறை பொய் சொன்னால் இரண்டு ஆண்டும் அதைக் காப்பாற்றிக்கொண்டே திரிய வேண்டும். கேலி செய்கிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். மீதிப் பேர் உன்னைப்போலப் புதிதாக வந்து பயந்துகொண்டிருப்பவர்கள். அவர்களில் ஒருவனோடு பேசத் தொடங்கு. சாதியைச் சொல்லியோ வறுமையைச் சொல்லியோ யாராவது தொடர்ந்து இழிவுபடுத்தினால் பொறுத்துக்கொள்ளாதே. வகுப்பாசிரியரிடமும் வீட்டிலும் சொல். அங்கே கேட்காவிட்டால் 1098க்கோ பள்ளிக் கல்வித் துறையின் 14417க்கோ கூப்பிடு.

பழைய நண்பர்களை விட்டுவிடாதே. நீ மாறியது அவர்களுக்கும் வருத்தம்தான். "பெரிய ஸ்கூலுக்குப் போய்ட்டான்" என்று அவர்கள் ஒதுங்கினால் நீயே தேடிப் போய்ப் பேசு.

பிள்ளை சேர்ந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. என்ன செய்வது?

முதலில் மார்க்கைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள். "இவ்வளவு பணம் கட்டியிருக்கோம்" என்ற சொல் வாயில் வரவே கூடாது. புதுச் சூழலில் சில வாரம் சோர்வு இருப்பது இயல்பு. தூக்கம் கெடுவது, திங்கட்கிழமை வயிற்றுவலி, பிடித்த விஷயங்களில்கூட ஆர்வம் இல்லாமை, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" போன்ற பேச்சு இவையெல்லாம் வேறு. அப்போது காத்திருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஹாஸ்டலில் இருந்தால் அன்றைக்கே நேரில் போய்ப் பாருங்கள்.

டிசி வாங்க என்ன செய்ய வேண்டும்?

பழைய பள்ளித் தலைமையாசிரியரிடம் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் போதும். பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸில் பிள்ளைக்கு இருக்கும் எண் மாறாது. பழைய பள்ளி அந்தப் பதிவைத் தன் பட்டியலிலிருந்து காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும், அதனால் அதையும் கேட்டு உறுதி செய்யுங்கள். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் இவற்றின் நகலைக் கொடுங்கள், அசலை ஒப்படைத்துவிடாதீர்கள்.

சேர்ந்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் அரசுப் பள்ளிக்குத் திரும்ப முடியுமா?

பிளஸ் ஒன்னிலேயே திரும்புவது நல்லது. முதல் சில மாதங்களுக்குள் என்றால் பாடமும் பெரிதாகத் தவறாது. பன்னிரண்டாவதில் தேர்வுப் பட்டியல் தயாரான பிறகு மிகவும் சிக்கல். ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று தனியார் பள்ளி டிசியைப் பிடித்து வைக்கக் கூடாது. டிசியைக் கட்டண வசூலுக்கான கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தர மறுத்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.